குண்டூர் டாக்டரம்மா
(சகோதரி மேரி குளோரியின் வாழ்க்கை)

ஜூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறு இருக்கும், பங்குத் தந்தையரின் வரிசை இருக்கும், நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும். அவை யாவும் இம்மலரில் உரிய இடங்களில் உள்ளன. இந்தச் சில பக்கங்களில் நாம் ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்ல முன்வருகிறோம். அவர் நம் சமணர் மலையைக் கண்டவர் அல்லர். கடல் கடந்த ஆஸ்திரேலியாவில் பிறந்து, குண்டூரில் உழைத்து, பெங்களூரில் கண்மூடியவர். ஆயினும் எந்தக் காரியத்துக்காக அவர் இந்நாட்டுக்கு வந்தாரோ, அந்தக் காரியம் கீழக்குயில்குடி வீடுகளிலும் உண்டு. ஆகவே அவருக்கு இம்மலரில் இடம் கொடுப்பது பொருந்தும் என்று எண்ணினோம்.

அந்தக் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கல்யாணமாகி ஓராண்டு நிறையாத ஒரு பெண். நாள் தள்ளிப் போய் இரண்டு, மூன்று வாரம் ஆகியிருக்கும். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை, தனக்கே நிச்சயமில்லை. ஒருநாள் அந்தி நேரத்தில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலி பிடிக்கிறது. வீட்டில் வாயு என்கிறார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுக்கிறார்கள், சுக்குக் கஷாயம் வைக்கிறார்கள். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி வயிற்றை நீவிவிட அடுத்த தெரு அம்மாள் வருகிறார். பெண்ணோ கூச்சத்தால் நாள் தள்ளிய சேதியைச் சொல்வதில்லை. இரவில் தலை சுற்றுகிறது, முகம் வெளுக்கிறது, கைகால் சில்லிடுகிறது. விடியும்போது வீட்டில் ஒப்பாரி கேட்கிறது. நம் பாட்டிமார் காலத்தில் இப்படி முடிந்த கதைகளுக்குப் பேயடித்தது என்றும், விஷக்கடி என்றும், வயிற்றில் கட்டி உடைந்தது என்றும் பெயர் வைத்தார்கள்.

மேரி குளோரி 1887ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் விக்டோரியா மாநிலத்துப் பிர்ரெகர்ரா என்னும் சிற்றூரில் பிறந்தார். குழந்தைகள் ஒன்பது பேர்; இவர் மூன்றாமவர். பின்னர் குடும்பம் வாட்செம் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. மழை குறைந்த, கோதுமை விளையும் சீமை அது. படிப்பில் கெட்டிக்காரியான மேரி உபகாரச் சம்பளம் பெற்று மெல்போர்ன் சென்றார். பல்கலைக்கழகத்தில் முதலில் கலைப்பாடம் எடுத்துப் படித்தவர், பிறகு மருத்துவத்துக்கு மாறி 1910இல் பட்டம் பெற்றார். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர ஆஸ்பத்திரியில் பயிற்சி. மெல்போர்னுக்குத் திரும்பியபின் கண், காது ஆஸ்பத்திரியிலும் புனித வின்சென்ட் ஆஸ்பத்திரியிலும் பணி. அத்துடன் பெரிய டாக்டர்கள் வாசம் செய்யும் காலின்ஸ் தெருவில் சொந்த வைத்தியம். பெண் டாக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலத்தில் இருபத்தெட்டு வயதுக்குள் இவ்வளவும் கிடைத்தது. வசதியாக வாழ அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

1915 அக்டோபரில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து வந்தவர் ஒரு சிறு பிரசுரத்தை வாசித்தார். டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணியைப் பற்றியது அது. அந்த அம்மையார் 1837இல் பிறந்தவர். பெண்களுக்குத் தம் நாட்டில் மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டதால் பிரான்ஸ் நாட்டு மோன்பெலியே சென்று 1878இல் டாக்டரானவர். அறுபத்தோராம் வயதில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர். வட இந்தியாவில் கோஷா முறையில் வாழும் பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டாமலே மடிகிறார்கள் என்று கேள்வியுற்று, ராவல்பிண்டியில் பெண்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று எழ வழி செய்தார். தாய்களும் சிசுக்களும் அங்கே எத்தனை பேர் வீணாகச் சாகிறார்கள் என்று பிரசுரம் சொல்லிற்று. வாசித்த மேரி முழந்தாளிட்டார். எழுந்தபோது தம் வாழ்வு இந்தியாவுக்கு என்று தீர்மானமாகிவிட்டது.

கோஷா வட நாட்டுச் சங்கதிதானே என்று நம்மில் சிலர் நினைக்கலாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியை இன்றும் பெரியவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். மேரி ஷார்லிப் என்ற ஆங்கிலப் பெண்மணி 1885இல் தொடங்கியது அது. பெண்களின் இதே பரிதாபத்தைக் கண்டுதான் அவர் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்று 1918இல் மருத்துவப் பள்ளி தொடங்கினார். இவர்கள் எல்லாரும் நம் சபையைச் சேராதவர்கள் என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. நம் கன்னியர்கள் பள்ளி நடத்தினார்கள், அனாதைகளை வளர்த்தார்கள், நோயாளிகளின் புண்ணைக் கழுவினார்கள். மருத்துவத்தில், அதிலும் பிரசவ மருத்துவத்தில், கைவைக்க அவர்களுக்கு வழியில்லை. 1917இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தனி அனுமதியின்றிக் குருக்கள் வைத்தியத் தொழில் செய்யலாகாது என்றது. துறவியரையும் அது கட்டியது. கன்னிமைக்குரிய கண்ணியத்தை எண்ணி வளர்ந்த வழக்கம் அது என்பது சரியே. ஆனால் அதன் மறுபக்கம் என்ன? ஆண் டாக்டரிடம் போகக் கூசும் பெண், கன்னியரிடம் வருகிறாள்; அவருக்கோ அவளைச் சோதிக்க அனுமதி இல்லை. மெக்லாரன் அம்மையார் இதற்காகத் தள்ளாத வயதிலும் ரோமாபுரிக்குப் பலமுறை மனுச் சுமந்தார். பலன் காணாமலே 1913இல் காலமானார்.

மேரி குளோரி உடனே கப்பல் ஏறிவிடவில்லை. அப்போது முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இந்த இடைக்காலத்தில் 1916இல் கத்தோலிக்கப் பெண்கள் சமூக சங்கத்துக்கு முதல் தலைவியானார். கூடவே எம்.டி. பட்டத்துக்குப் படித்தார். தேர்ந்துகொண்ட துறைகள் பிரசவ மருத்துவம், மகளிர் நோய், கண் மருத்துவம். 1919 டிசம்பரில் பட்டம் கிடைத்தது. ஆண்டவர் அழைத்தார், புறப்பட்டேன் என்று வெறுங்கையோடு கிளம்பாமல் நான்காண்டு பொறுத்துத் தமக்குத் தேவையான வித்தையை முற்றக் கற்றுக்கொண்டு கிளம்பியது எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். பக்தி உள்ளவர்களிடம் இந்தப் பொறுமை எப்போதும் காணப்படுவதில்லை.

அவர் கற்ற வித்தை எப்படிப்பட்டது? நாம் முதலில் சொன்ன அந்த அந்திநேரத்து வலியைக் கொண்டே விளக்குவோம்.

கரு தங்க வேண்டிய இடம் கருப்பை. நூறு கர்ப்பத்தில் ஒன்று, இரண்டில் அது கருப்பைக்கு வந்து சேராமல் வழியிலேயே, பெரும்பாலும் கருக்குழாயில், ஒட்டிக்கொள்கிறது. குழாய் மெல்லியது. கரு வளர வளர அது விரிய முடியாமல், கடைசியாக மாத முறை வந்த நாளிலிருந்து எண்ணி ஆறு முதல் எட்டு வார அளவில் கிழியக்கூடும். கிழிந்தால் இரத்தம் வெளியே அதிகம் வராது, வயிற்றுக்குள்ளேயே தேங்கும். சிறிதளவு தீட்டுப் பட்டதும் மாத முறைதான் வந்துவிட்டது என்று பெண் நினைத்துக்கொள்வாள். இதுதான் இந்த நோயின் வஞ்சகம். உள்ளே தேங்கிய இரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது தோள்பட்டையில் வலிக்கும். வயிற்றுக் கோளாறுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை; தூங்கினபோது கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் டாக்டர்களும் இதைக் கண்டு கைகட்டி நின்றார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர டாக்டர் லாசன் டெய்ட் 1881இல் இத்தகைய ஒரு பெண்ணுக்கு அறுவை செய்யும்படி கேட்கப்பட்டும் துணியவில்லை, அவள் இறந்தாள். பிறகு சடலத்தைச் சோதித்தபோது, கிழிந்த குழாயைக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று கண்டார். 1883இல் முதன்முறை அறுவை செய்தார். அந்தப் பெண்ணும் இறந்தாள். சில வாரங்களில் மறுமுறை செய்தார், இவள் பிழைத்தாள். மேரி குளோரி பிறந்ததற்கு நான்கே ஆண்டு முந்திய சங்கதி இது. அவர் டாக்டரான காலத்தில் வைத்தியம் என்ன என்பது தெரிந்துவிட்டது. நோயைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. கர்ப்பம் உண்டா என்று பார்க்க நம்பத்தக்க சிறுநீர்ப் பரிசோதனை 1920களின் இறுதியில்தான் வந்தது. ஒலி அலையால் வயிற்றினுள்ளே பார்க்கும் ஸ்கேனைப் பற்றி ஸ்காட்லாந்து டாக்டர் இயன் டொனால்டு 1958இல்தான் மருத்துவ உலகுக்கு எழுதினார். அதற்கு முன் டாக்டருக்கு இருந்த கருவிகள் அவருடைய காதும் கையும்தான். எப்போது குளித்தாய், வலி எங்கே தொடங்கியது, மயக்கம் வந்ததா என்று கேட்க வேண்டும். நாடியை எண்ண வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளுறுப்பை விரலால் சோதிக்க வேண்டும். ஊசியைச் செலுத்தி உள்ளே இரத்தம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இப்போது புரிகிறதல்லவா, கோஷாவுக்குப் பின்னிருந்த பெண் ஏன் செத்தாள் என்பது? கேட்கவும் தொடவும் கூடாத டாக்டர், எவ்வளவு படித்தவரானாலும் அவளுக்குப் பயன்படமாட்டார். திரைக்கு வெளியே நிற்பவர் மருந்து வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாம். கிழிந்த குழாய்க்கு மருந்து இல்லை.

1920 ஜனவரியில் மெல்போர்னிலிருந்து புறப்பட்ட மேரி, பிப்ரவரி 12ஆம் நாள் குண்டூர் வந்து சேர்ந்தார். அன்று குண்டூரும் மதுரையும் ஒரே சென்னை மாகாணம். அங்கே டச்சு நாட்டிலிருந்து வந்திருந்த இயேசு மரி சூசை சபைக் கன்னியர் பணி செய்துவந்தனர். டாக்டராகவே இருந்து தனியாகச் சேவை செய்திருக்கலாம். அவர் விரும்பியது துறவியாகவும் டாக்டராகவும் ஒருங்கே வாழ. இதற்குப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதியும் ஆசீரும் அளித்தார். துறவற உடை தரித்து மருத்துவம் செய்த முதல் கத்தோலிக்கப் பெண் டாக்டர் என்று அவர் போற்றப்படுவது இதனால்தான். சபையில் அவர் ஏற்ற பெயர் திரு இருதய மரி சகோதரி. குண்டூர் மக்களுக்கு அவர் டாக்டரம்மா.

சிறிய மருந்துச்சாலையாக இருந்தது 1925 முதல் புனித சூசையப்பர் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. நெடுங்காலம் டாக்டர் அவர் ஒருவரே. அவரும் அவரிடம் பயின்றவர்களுமாகப் பார்த்த நோயாளிகள் பல இலட்சம் என்பார்கள். உள்ளூர்ப் பெண்களையே மருந்து கலப்போராகவும் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பழக்கினார். நம் நாட்டு மூலிகைகளையும் ஏளனம் செய்யாமல் ஆராய்ந்து பயன்படுத்தினார். உள்ளூர்ப் பெண்களைப் பழக்கியதை நாம் சாதாரணமாக எண்ணக் கூடாது. தனக்குத் தெரிந்த முகம், தன் பாஷை பேசும் பெண், பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தால்தான் நாள் தள்ளிப்போன சேதி வாயைவிட்டு வரும்.

திருச்சபையின் சட்டமும் அசைந்தது. மெக்லாரன் அம்மையாரின் ஏவுதலால் டாக்டரான ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல் 1925இல் மருத்துவப் பணிக்கென்றே ஒரு பெண்கள் சங்கம் தொடங்கியிருந்தார். 1936 பிப்ரவரியில் ரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம், மறைபரப்பு நாடுகளில் கன்னியர் மருத்துவமும் பிரசவ மருத்துவமும் கற்றுச் செய்யலாம் என்று அறிவுறுத்தல் விடுத்தது. ஒருவருக்குத் தனிச் சலுகையாகக் கிடைத்தது பதினாறு ஆண்டில் அனைவருக்கும் பொதுவாயிற்று.

இங்கே ஒரு சந்தேகத்தையும் தொட்டாக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவை அகற்றுவது பாவம் ஆகாதா என்று பயந்து சில குடும்பங்கள் தயங்குகின்றன. இத்தாலியின் புனித ஜியான்னா பெரெத்தா மொல்லா தம் உயிரைக் கொடுத்துக் குழந்தையைக் காத்தாரே, நாமும் அப்படி இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். அவரும் டாக்டர்தான். 1961இல் கர்ப்பத்தின் இரண்டாம் மாத இறுதியில் அவர் கருப்பையில் நார்க்கட்டி இருப்பது தெரிந்தது. கருப்பையையே எடுத்துவிடலாம், அல்லது கருவைக் கலைத்துக் கட்டியை எடுக்கலாம், அல்லது கட்டியை மட்டும் எடுக்கலாம் என்ற நிலையில் அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். செப்டம்பரில் அறுவை நடந்தது. 1962 ஏப்ரல் 21இல் பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. ஏழு நாளில் தாய் வயிற்று உறை அழற்சியால் இறந்தார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2004இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். கவனியுங்கள்: அவரும் அறுவைக்கு மறுக்கவில்லை. அவருடைய குழந்தை கருப்பைக்குள் இருந்தது, பிழைக்கக்கூடியது. குழாயில் தங்கிய கரு பிழைக்க வழியில்லை. அதை எடுத்துக் கருப்பையில் வைக்கும் வித்தையும் இல்லை. விட்டுவிட்டால் தாயும் சேயும் போவார்கள். பழுதுபட்ட குழாயை அகற்றுவது தாயைக் காக்கும் சிகிச்சை, குழந்தையின் சாவு அதன் நோக்கம் ஆகாது என்று கூறிக் கத்தோலிக்க ஒழுக்க இயலார் பெரும்பாலோர் அதை ஏற்கிறார்கள். குழாயைத் திறந்து கருவை மட்டும் எடுக்கும் முறை பற்றியும், ஊசி மருந்தால் கருவைக் கரைக்கும் முறை பற்றியும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது பற்றி ஐயம் உள்ளவர்கள் பங்குத் தந்தையை அணுகலாம். ஆனால் குழாய் கிழிந்து உயிர் ஊசலாடும் நேரம் விவாதத்துக்கு உரிய நேரமன்று. அப்படிக் குழந்தையை இழந்த தாயிடம் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அவள் ஏதோ குற்றம் செய்தவள்போல் பேசாதிருக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

டாக்டரம்மாவுக்கு இல்லாத வசதிகள் இன்று நமக்கு உண்டு. சிறுநீர்ச் சோதனை அட்டை மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. ஸ்கேன் இருக்கிறது, இரத்தப் பரிசோதனை இருக்கிறது, இரத்தம் ஏற்ற முடிகிறது. முன்கூட்டியே கண்டால் சிறு துளை வழியாகவே அறுவை முடிந்துவிடுகிறது. மதுரைப் பெரியாஸ்பத்திரி நமக்கு எட்டாத தூரம் இல்லை. 108க்குச் சொன்னால் வண்டி வருகிறது. எல்லா வலியும் குழாய்க் கர்ப்பம் என்று நாம் பயமுறுத்தவில்லை. சூலகக் கட்டி முறுக்கிக்கொண்டாலும், குடல்வால் அழன்றாலும், நார்க்கட்டி நொந்தாலும், கருச்சிதைவில் சீழ் பிடித்தாலும் வயிறு வலிக்கும். நார்க்கட்டி வலி பெரும்பாலும் ஓய்விலும் மருந்திலும் தணியும். குடல்வாலுக்குக் கர்ப்பத்திலும் அறுவை செய்யத்தான் வேண்டும்; பிள்ளைக்கு ஆகாது என்று ஒத்திப்போட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடும். எது எது என்று பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை, வீட்டார் வேலையன்று. நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் கடுமையான வலி, தீட்டு, மயக்கம், தோள்வலி இவற்றில் ஒன்று கண்டாலும் பேதி மருந்து கொடுக்காமல், வயிற்றை நீவாமல், விடியட்டும் என்று காத்திராமல் கொண்டுபோக வேண்டும். போகும்போது நாள் தள்ளியதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை இப்படி ஆனவர்கள், கருக்குழாயில் சீழ் நோய் கண்டவர்கள், குழாயில் அறுவை ஆனவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆனவருக்கு எப்போதாவது நாள் தள்ளினால், கர்ப்பமாய் இருக்காது என்று தள்ளிவிடக் கூடாது. அவர்களிடம் குழாய்க் கர்ப்பத்துக்கு வாய்ப்பு அதிகம்.

மேரி குளோரி தம் ஆஸ்பத்திரி ஒன்றோடு நிற்கவில்லை. நாடெங்கும் சிதறிக் கிடந்த கத்தோலிக்க ஆஸ்பத்திரிகள் ஒன்றையொன்று அறியாமலே உழைப்பதைக் கண்டு, 1943 ஜூலை 29ஆம் நாள் பதினாறு கன்னியர் சேர்ந்து அமைத்த சங்கத்துக்கு அவர் முன்னோடியாய் நின்றார். இந்தியக் கத்தோலிக்க மருத்துவச் சங்கம் என்று இன்று பெயர் பெற்றிருப்பது அதுவே. உறுப்பு நிலையங்கள் மூவாயிரத்துக்கும் மேல். நம் நாட்டுப் பெண்களும் ஆண்களும் நம் நெறி தவறாமல் மருத்துவம் கற்கக் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கடைசி ஆண்டுகளில் புற்றுநோய் கண்டது. எத்தனையோ பேரின் வலியைக் கேட்டறிந்தவர் தம் வலியை அதிகம் பேசாமல் பொறுத்தார். 1957 மே 5ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அப்போது வயது அறுபத்தொன்பது. குண்டூருக்கு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013 மார்ச்சில் திருச்சபை அவரை இறை ஊழியர் என அறிவித்தது. அவர் ஆசைப்பட்ட கல்லூரி, புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில், அவர் இறந்த ஆறாம் ஆண்டு, 1963இல், அதே பெங்களூரில் திறக்கப்பட்டது.